நோய் தொடங்கியதற்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம்

வேலூருக்குத் தெற்கே, தொரப்பாடியில், 1830-ஆம் ஆண்டு கட்டப்பட்ட மத்திய சிறை இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருக்கும் எவருக்கும் காலை நேரத்தில் அங்கே வந்து நிற்கும் பெண்களைத் தெரியாமல் இருக்காது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆரணி, திருப்பத்தூர் என்று எங்கெங்கிருந்தோ முதல் பஸ் பிடித்து, மனு போட்டுப் பார்ப்பதற்காகக் கையில் ஒரு துணிப்பையுடன் வந்து, பெயர் கூப்பிடும் வரை மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சிறைகளைப் பற்றிய அரசு அட்டவணைகளை நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன் என்றாலும், அவற்றை ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு திரும்பவும் முதலிலிருந்து படிக்க நேர்ந்தது, என் மாணவி ஒருத்தியின் தாய் ஒரு நாள் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வியால்தான்.

அவருடைய கணவர் விசாரணைக் கைதியாக ஐந்து மாதம் ஒரு சிறையில் இருந்து, அங்கேயே நோய்வாய்ப்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அன்றே இறந்துபோனார். வயது 43. எந்தச் சிறை, எந்த மருத்துவமனை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வழக்கு என்ன என்பதும் இங்கே பொருளல்ல, ஏனெனில் அது தீர்ப்பு வரை போகவே இல்லை. அவருடைய இறப்பு குறித்த தாள்களை என் முன்னால் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "ரெண்டு நாளா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு சார். மனு பாக்கப் போனப்பக்கூட என்கிட்டச் சொன்னாரு. இப்ப இயற்கையா செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க. இது எப்படி சார் இயற்கை?"

இந்தக் கேள்வியை அவருக்கு முன்பே நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி 2013-இல் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கிய, 1,382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலைமை குறித்த வழக்கில், நீதிபதி மதன் லோகூர் அமர்வு 2017 செப்டம்பர் 15-இல் தீர்ப்பளித்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறை இறப்புகளை இயற்கை, இயற்கைக்கு மாறானவை என்று பிரிக்கும் முறை தெளிவாக இல்லை என்றும், உரிய மருத்துவக் கவனிப்போ உரிய நேரத்தில் மருத்துவ உதவியோ கிடைக்காமல் ஒரு கைதி இறந்தால் அதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்றும் அத்தீர்ப்பு வினவியது. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் அட்டவணை அதே இரு பிரிவுகளோடுதான் வெளிவந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக்கான சிறைப் புள்ளிவிவர அறிக்கையின்படி, அவ்வாண்டின் கடைசி நாளில் இந்தியாவின் 1,330 சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள்; அவர்களில் நான்கில் மூன்று பங்கினர், அதாவது 4,34,302 பேர், விசாரணைக் கைதிகள். அவ்வாண்டில் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். இதில் 1,773 பேரின் இறப்பு இயற்கையானது என்றும், 159 பேரின் இறப்பு இயற்கைக்கு மாறானது என்றும் பதிவாகியிருக்கிறது. மீதமுள்ள 63 பேர் எப்படி இறந்தார்கள் என்பது அறிக்கை வெளிவரும் வரை முடிவாகவில்லை. 2021-இல் இறந்தோர் 2,116 பேர், 2020-இல் 1,887 பேர், 2019-இல் 1,775 பேர். பத்தில் ஒன்பது இறப்புகள் "இயற்கை" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதால், இந்த அட்டவணையில் கூர்ந்து பார்க்க வேண்டியது சிறிய பிரிவை அல்ல, பெரிய பிரிவைத்தான் என்பது என் கருத்து. அந்தப் பெரிய பிரிவில் நோயால் இறந்தவர்களும் வயது மூப்பால் இறந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். நோய்களில் இதய நோய் முதலிடத்தில் நிற்கிறது.

1,995 என்பது அதிகமா, குறைவா? முதல் பார்வைக்கு விடை வியப்பளிக்கும். ஆண்டுக் கடைசியில் இருந்தோர் தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்கு மூன்றரைப் பேர் இறந்ததாக வருகிறது. பிறப்பு இறப்பு விகிதங்களைக் கணிக்க அரசு நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2020-இல் நாடு முழுவதற்குமான இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 6. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, சிறைக்குள் இருப்பவர்கள் வெளியில் இருப்பவர்களைவிட நன்றாகவே பிழைத்திருக்கிறார்கள் என்று மேடையில் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். இது தவறு. நாட்டின் இறப்பு விகிதத்தில் பிறந்த குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் சேர்ந்திருக்கிறார்கள். இறப்பு பெரும்பாலும் குவிவது அவ்விரு முனைகளில்தான். சிறையிலோ குழந்தை இறப்பு என்பது அநேகமாகக் கணக்கிலேயே இல்லை, கைதிகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஐம்பதைத் தொடாதவர்கள். இருபத்தைந்து வயது இளைஞர்கள் நிறைந்த ஒரு விடுதியின் இறப்பு விகிதத்தை ஒரு முழு ஊரின் இறப்பு விகிதத்தோடு ஒப்பிட்டு, விடுதி உணவு ஆயுளைக் கூட்டுகிறது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. வயதுக்கு வயது ஒப்பிட்டால்தான் ஒப்பீடு நியாயமாகும். அதைச் செய்ய முடியாதபடி அட்டவணை அமைந்திருக்கிறது.

காரணம் எளிது. அறிக்கையில் கைதிகளின் வயது 18 முதல் 30, 30 முதல் 50, 50-க்கு மேல் என்ற மூன்றே கூடைகளில் போடப்படுகிறது. ஐம்பத்தொன்றும் எழுபத்தொன்பதும் ஒரே கூடையில் கிடக்கின்றன. இறப்பு அட்டவணையோ எப்படி இறந்தார்கள், எந்த நோயால் இறந்தார்கள் என்பதைப் பிரித்துத் தருகிறதே தவிர, எந்த வயதில் இறந்தார்கள் என்பதைத் தருவதில்லை. ஆயுள் எதிர்பார்ப்பு என்று நாம் சொல்லும் எண், ஒவ்வொரு வயதிலும் இருந்தோர் எத்தனை பேர், அந்த வயதில் இறந்தோர் எத்தனை பேர் என்ற இரண்டு வரிசைகளிலிருந்து கட்டப்படுவது. 2016-20 காலத்துக்கு இந்தியாவுக்குக் கிடைத்த 70 ஆண்டுகள் என்ற எண் அப்படித்தான் வந்தது. அதுவும் பிறக்கும்போது உள்ள எதிர்பார்ப்பு. குழந்தைப் பருவத்தின் ஆபத்துகளைக் கடந்து நாற்பதைத் தொட்டுவிட்ட ஒருவருக்கு அந்த எல்லை எழுபதையும் தாண்டிப் போகும் என்பதை என் மாணவர்களே முதலில் நம்ப மாட்டார்கள். ஆக, 43 வயதில் இறந்த ஒருவர் இழந்தது எழுபதிலிருந்து நாற்பத்து மூன்றைக் கழித்தால் வரும் 27 ஆண்டுகளை அல்ல, அதைவிடக் கூடுதலானதை. இந்தியக் கைதிகளுக்கென்று ஓர் ஆயுள் எதிர்பார்ப்பு எண்ணை இந்த அறிக்கையைக் கொண்டு எவராலும் கணக்கிட முடியாது. அப்படி ஓர் எண்ணை யாராவது சொன்னால் அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. 2021-இல் மட்டும் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைகளுக்குள் அனுப்பப்பட்டார்கள். ஆண்டுக் கடைசியில் எண்ணியபோது இருந்தவர்கள் ஐந்தரை லட்சம் பேர். சிலர் மூன்று நாளில் ஜாமீனில் போயிருப்பார்கள், சிலர் ஆண்டு முழுக்க இருந்திருப்பார்கள். ஆறு மாதம் இருந்த இருவரைச் சேர்த்து ஒரு ஆள்-ஆண்டு என்று கணக்கிடுவதே முறை. ஆங்கிலேயர் காலத்துச் சிறை நிர்வாக அறிக்கைகளில் இறப்பு விகிதத்தை அன்றாடச் சராசரி எண்ணிக்கையின் மேல் கணக்கிட்டிருப்பார்கள். ஒவ்வொரு நாளும் பூட்டு நேரத்தில் எண்ணிப் பார்க்கும் வழக்கம் சிறைகளில் இன்றும் தொடர்வதால், அந்தச் சராசரியை எடுப்பது எவருக்கும் கடினமான வேலை அல்ல. ஆனாலும் டிசம்பர் 31 அன்று இருந்தவர்களின் தொகையே நம் கைக்கு வருகிறது. 2020 கடைசியில் 4,88,511 ஆக இருந்த எண்ணிக்கை மறு ஆண்டுக் கடைசியில் 5,54,034 ஆக உயர்ந்தபோது, இவ்விரு நாட்களுக்கு நடுவில் நடந்த 2,116 இறப்புகளை எதன் மேல் வகுப்பது என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

தற்கொலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் செய்தித்தாள்களில் சிறை இறப்பு என்றதும் முதலில் வருவது அதுதான். 2022-இல் இயற்கைக்கு மாறான 159 இறப்புகளில் 119 தற்கொலைகள். லட்சத்துக்கு ஏறக்குறைய 21 என்று வரும் இந்த விகிதத்தை, அதே ஆண்டில் நாட்டின் விகிதமான 12.4-உடன் ஒப்பிட்டு, ஏறத்தாழ இரு மடங்கு என்று எழுதுகிறார்கள். கைதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் ஆண்கள், வெளியிலும் தற்கொலை செய்துகொள்வோரில் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஒப்பிட வேண்டிய எண் 12.4 அல்ல, ஆண்களுக்கான 17-ஐ ஒட்டிய எண். இடைவெளி குறைகிறது, ஆனால் மறையவில்லை. கதவு முதல் கூரை வரை எல்லாம் கண்காணிப்பில் இருக்க வேண்டிய ஓரிடத்தில், வெளியில் நடப்பதைவிடக் கூடுதலாக நடக்கிறது என்பது போதுமான அளவுக்குக் கனமான செய்தி. அதை மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஊரான கணியம்பாடியைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. தொரப்பாடிச் சிறையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய நலப் பிரிவு, வேலூரை ஒட்டிய பாகாயத்திலிருந்துகொண்டு, கணியம்பாடி ஒன்றியத்தின் ஒரு லட்சம் பேர் அளவிலான மக்கள் தொகையில் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பல பத்தாண்டுகளாகக் குறித்து வருகிறது. ஊர்க்காரரான சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்ததை, அவருக்கு மேல் உள்ளவர் சரிபார்க்க, செவிலியர் சரிபார்க்க, கடைசியில் மருத்துவர் உட்கார்ந்து, இறந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று குடும்பத்தார் சொன்னதை வைத்துக் காரணத்தை முடிவு செய்வார். 1994 முதல் 1999 வரை அவ்வாறு எண்ணியதில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95.2 என்று கிடைத்தது. அக்காலத்தில் காவல்துறைப் பதிவுகளிலிருந்து தொகுத்த நாட்டின் விகிதம் 11-ஐ ஒட்டியிருந்தது. ஓர் ஒன்றியம் நாடு முழுவதும் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆயினும் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டில், இறப்பு நடந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்கும், காவல் நிலையத்தில் வந்து சொன்னதை எழுதுவதற்கும் உள்ள தூரமும் அடங்கியிருக்கிறது. என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

சிறையில் நிகழும் இறப்புக்கு அத்தகைய விசாரிப்பு சட்டப்படியே உண்டு. காவலில் ஓர் இறப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993 டிசம்பரில் அறிவுறுத்தியது. பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, சிறையில் நிகழும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமையைச் சிறைப் பொறுப்பு அலுவலர் மேல் வைக்கிறது. ஆகவே ஒவ்வொரு கைதியின் இறப்புக்கும் பக்கம் பக்கமாகத் தாள் சேர்கிறது. அந்தத் தாள்களில் இருப்பதில் மிகச் சிறிய பங்குதான் ஆண்டு அறிக்கையின் அட்டவணைக்கு வந்து சேர்கிறது என்பதே என் குறை.

அந்த அம்மா கொண்டுவந்த தாள்களில் ஒன்று, இறப்புக்கான மருத்துவக் காரணச் சான்று, நான்காம் படிவம். வழக்கறிஞர் ஒருவர் மனு போட்டு வாங்கித் தந்த நகல். மடிப்புகளில் மை அழிந்து, நான்காக மடித்து மடித்து ஓரங்கள் பஞ்சுபோல் ஆகியிருந்தன. அப்படிவத்தை வடிவமைத்தவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். உடனடிக் காரணம் என்ன, அதற்கு முந்திய காரணம் என்ன என்று படிப்படியாகக் கேட்கிறது. இதயச் செயலிழப்பு போல இறக்கும் விதத்தை எழுதாமல், அதற்குக் காரணமான நோயை எழுத வேண்டும் என்று அதிலேயே அறிவுறுத்தல் இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு குறுகிய பத்தி உண்டு: நோய் தொடங்கியதற்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம், ஏறக்குறைய. அந்த அம்மாவின் கையில் இருந்த நகலில் முதல் வரியில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது வரிகளில் ஒரு நீண்ட கோடு இழுக்கப்பட்டிருந்தது. வலது ஓரப் பத்தியில் எதுவும் எழுதப்படவில்லை.

நிரப்பப்படாத அந்தச் சிறு கட்டத்தைத்தான் அவர் வேறு சொற்களில் என்னிடம் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் என்று அதில் இருந்திருந்தால், அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும். நெஞ்சு வலிக்கு முதல் சில மணி நேரமே உயிர் காக்கும் நேரம் என்பது இன்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியில் இருப்பவர் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விடுவார். உள்ளே இருப்பவர் முதலில் வார்டரிடம் சொல்ல வேண்டும், அவர் மேலே சொல்ல வேண்டும், சிறை மருத்துவர் பார்க்க வேண்டும், அவர் வெளி மருத்துவமனைக்கு எழுதித் தர வேண்டும், பிறகு வழிக்காவலுக்கு ஆயுதப்படைக் காவலர்கள் வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் நல்லெண்ணம் உள்ளவர்களே இருந்தாலும்கூட நேரம் போய்க்கொண்டிருக்கும். முந்நூறு கைதிகளுக்கு ஒரு மருத்துவர் என்பது நெறிமுறை. நாட்டளவில் 775 பேருக்கு ஒருவர்தான் இருக்கிறார் என்று 2025-ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை சொல்கிறது. இரவு இரண்டு மணிக்கு வரும் வலியை இந்த எண்ணோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். நெரிசலையும் காரணமாகச் சொல்வார்கள். 2022-இல் நாட்டின் சிறைகள் நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேரைக் கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கில் இடவசதிக்குக் குறைவாகவே கைதிகள் இருக்கிறார்கள் என்பதால், எங்கள் மாநிலத்தில் நெரிசலின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அட்டவணைக்கே வராமல் போகும் இறப்புகள் இன்னொரு வகை. நோய் முற்றியபின் ஜாமீன் கிடைத்து வீட்டுக்கு வந்து பத்து நாளில் இறப்பவர், ஊராட்சியின் இறப்புப் பதிவேட்டில் ஒரு சாதாரணப் பெயராகச் சேர்ந்துவிடுகிறார். இவற்றைத் தேடிப் பிடித்து இணைத்துப் பார்த்தவர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1989 முதல் 2003 வரை பரோலில் விடுவிக்கப்பட்டவர்களின் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து, சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டும் ஆயுள் எதிர்பார்ப்பில் இரண்டு ஆண்டுகளைக் குறைத்திருக்கிறது என்று ஈவ்லின் பேட்டர்சன் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் இறப்பு ஆபத்து, மற்ற மக்களைவிட 12.7 மடங்கு இருந்ததாக 2007-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அங்கே அதற்குப் பெருங்காரணம் அளவுக்கு மீறிய போதைப்பொருள் என்பதால், அந்த எண்ணை அப்படியே எடுத்து வந்து வேலூருக்குப் பொருத்துவது பிழையாகும். எடுத்து வர வேண்டியது, விடுதலையான நாளையும் இறந்த நாளையும் இணைத்துப் பார்க்கும் அந்த முறையைத்தான்.

நான் இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. உங்கள் கேள்வி சரியான கேள்விதான் என்று சொன்னேன். உச்ச நீதிமன்றமும் அதையே கேட்டது என்றதும், மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். கடந்த பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சிறைகளில் இறந்தவர்களின் வயது, பெயர் வேண்டாம், வயது மட்டும். இறக்கும்போது உள்ளே எத்தனை நாள் இருந்தார்கள். வெளி மருத்துவமனைக்கு அனுப்பச் சிறை மருத்துவர் எழுதிய நேரமும் மருத்துவமனையில் சேர்த்த நேரமும். ஒவ்வோர் ஆண்டுக்கும் அன்றாடச் சராசரிக் கைதிகள் எண்ணிக்கை. மாணவிதான் தன் கையால் எழுதினாள், என் கையெழுத்தைவிட அவள் எழுத்து தெளிவானது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டும் முன் முழுவதையும் அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்த ஓரத்துல எழுதாம வுட்டாங்களே, அது எத்தினி பேருக்கு அப்படி வுட்டுக்கீறாங்கன்னும் கேளும்மா" என்றார். இடம் போதாமல், தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஐந்தாவது கேள்வியாக அதை எழுதினோம்.